மார்பக இம்பிளாண்ட்: வைத்த பிறகும் எடுக்கும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மார்புக்குள் இம்பிளாண்ட் (சிலிக்கான் ஜெல் அல்லது உப்புநீர் நிரப்பிய பை) வைத்துக்கொண்ட பெண்கள் ஏதாவது தொந்தரவு என்று வந்தால், ஒரு பிளாஸ்டிக் சர்ஜனாக நான் முதலில் கேட்பது, "கார்டு இருக்கிறதாம்மா?" என்றுதான். பெரும்பாலும் வரும் பதில்: "எந்தக் கார்டு டாக்டர்?"

அறுவை சிகிச்சை முடிந்ததும் கொடுக்கும் சின்ன அட்டை அது. கம்பெனி, மாடல், அளவு, சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். வீடு மாறும்போது தொலைந்துபோகும். சிலர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கிழித்தே போட்டுவிடுகிறார்கள். 2010இல் பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி, மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளுக்கான சிலிக்கானை இம்பிளாண்டில் அடைத்து விற்றது அம்பலமானது. 2019 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதால், அலர்கன் கம்பெனி பயோசெல் என்ற தன் சொரசொரப்பான இம்பிளாண்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இரண்டு முறையும் பெண்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒன்றே: எனக்குள் இருப்பது எது? கார்டு இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய மருத்துவமனையில் கேஸ் ஷீட்டைத் தேட வேண்டும். அதனால் இன்றே அதை ஃபோனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

"ஒரு தடவை வைத்தால் ஆயுசுக்கும் போதும்" என்று நினைப்பது அடுத்த தவறு. அழகுக்காக வைத்துக்கொள்பவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் 8 முதல் 10 வருடங்களுக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. அதற்காக, பத்து வருடம் ஆனதும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதும் சரியில்லை. தொந்தரவு இல்லாமல், ஸ்கேனும் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அந்த ஸ்கேனை எடுக்க வேண்டுமே! உப்புநீர் இம்பிளாண்ட் கிழிந்தால் மார்பு சுருங்குவது சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியும். சிலிக்கான் ஜெல் அப்படியில்லை. கிழிந்த பிறகும், இம்பிளாண்டைச் சுற்றி உடலே வளர்த்துக்கொள்ளும் தழும்பு உறைக்குள்ளேயே சத்தமில்லாமல் கிடக்கும். வைத்து 5, 6 வருடத்தில் ஒரு முறை, பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பது நல்லது. அழுத்தினால் உடைந்துவிடும் என்று பயந்து மேமோகிராமைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இம்பிளாண்ட் இருப்பதை டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொன்னால், அதை ஒதுக்கி வைத்துப் படம் எடுக்கும் முறை இருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். பல வருடங்கள் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால், "எங்கேயோ அடிபட்டிருக்கும்" என்று விடாதீர்கள். பெரும்பாலும் அது உள்ளே சாதாரணமாக நீர் சேர்ந்ததாகத்தான் இருக்கும். ஆனால் இம்பிளாண்டைச் சுற்றியுள்ள உறையில் வரும் லிம்ஃபோமா என்ற ஒரு வகைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும், பெரும்பாலும் வைத்து 8, 10 வருடம் கழித்து. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்பிளாண்ட்களோடுதான் இதற்கு அதிகத் தொடர்பு. அரிதான நோய்தான். உறைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்து, இம்பிளாண்டையும் உறையையும் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும்.

இங்கே தவறு நடப்பது பல நேரம் மருத்துவர் பக்கம். ஊசியால் நீரை இழுத்து, வீக்கம் வடிந்துவிட்டது என்று அதை சிங்க்கில் கொட்டிவிடுகிறோம். ஒரு வாரம் ஆன்டிபயாடிக் எழுதுகிறோம். கொட்டிய நீரில்தான் பதில் இருந்தது. "இந்த நீரை சைட்டாலஜிக்கும் சிடி30 டெஸ்ட்டுக்கும் அனுப்புவீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். நீரில் உள்ள செல்களைப் பார்ப்பது சைட்டாலஜி; அவற்றில் இந்த லிம்ஃபோமாவின் அடையாளத்தைத் தேடுவது சிடி30. கேட்பதில் தப்பே இல்லை. அதே சமயம், சொரசொரப்பு வகைதான் இருக்கிறது, தொந்தரவு எதுவும் இல்லை என்றால், பயத்தால் மட்டும் எடுக்கச் சொல்லி ஓடிவர வேண்டாம். எஃப்.டி.ஏ.வும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை.

மார்பு கல் மாதிரி இறுகிப்போனால் பிசைந்து சரிசெய்ய முயல்வதும் வேண்டாம். ஒரு காலத்தில் சர்ஜன்களே கையால் அழுத்தி உறையை உடைத்தோம். இம்பிளாண்ட் கிழிந்து, ரத்தம் கட்டி, பட்ட பிறகுதான் கைவிட்டோம்.

சரி, எடுப்பது என்று முடிவாகிவிட்டது. இப்போது நிறையப் பேர் கேட்பது, "ஆன் பிளாக் செய்வீர்களா?" உறையைத் திறக்காமல், இம்பிளாண்டோடு ஒரே உருண்டையாக எடுப்பது அது. லிம்ஃபோமா என்றால் அதுதான் சரி. மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆபரேஷன் மேஜையில் பார்த்தால் ஒருவருக்கு உறை முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்து கெட்டியாக இருக்கும். அது சுலபமாகப் பெயர்ந்து வரும். இன்னொருவருக்கு வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக விலா எலும்போடு ஒட்டியிருக்கும். அதைப் பிடிவாதமாக உரித்தால், அடியில் இருப்பது நுரையீரலைச் சுற்றிய சவ்வு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அங்கே கண்ணால் பார்த்து முடிவு செய்யும் இடத்தை சர்ஜனுக்கு விட்டுக்கொடுங்கள்.

களைப்பு, மூட்டு வலி, மறதி என்று வருபவர்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்புவது எங்கள் தவறு. இம்பிளாண்டால்தான் என்று உறுதிசெய்ய டெஸ்ட் எதுவும் இல்லை. முதலில் தைராய்டு, ரத்தசோகை, மூட்டுவாதம் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். எடுத்த பிறகு பலர் தேறியிருக்கிறார்கள். ஆனால் கட்டாயம் சரியாகும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

எடுத்தபின் மார்பு பழைய மாதிரி ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். தோல் தொய்ந்திருக்கும். தூக்கித் தைக்கலாம், கொழுப்பு ஏற்றலாம்; சிலருக்கு அது இரண்டாவது ஆபரேஷனாகத்தான் செய்ய முடியும். சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், காம்புக்குப் போகும் ரத்த ஓட்டமே கெடலாம்.

எடுத்த இம்பிளாண்டைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்த உறை பயாப்சிக்குப் போனதா என்று கேளுங்கள். தையல் பிரித்ததோடு நின்றுவிடாமல், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.