நோ டிஸ்ப்ளே: போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கடைக்குத் தூக்கிப் போனால் ‘போர்டு போயிடுச்சு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மதர்போர்டைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும்.

முதலில் கேபிள். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது; போர்டில் உள்ள எச்.டி.எம்.ஐ.யில் எப்போதும் படம் வராது.

அடுத்தது ரேம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நான்கு ஸ்லாட் போர்டில் ஒரே ரேம் போடுவதானால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். டி.டி.ஆர்.5 வகை ரேம் என்றால், மாற்றிய பிறகு முதல் தடவை சில நிமிடம் கருப்புத் திரையாகவே நிற்கலாம். அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

போர்டில் குட்டி பீப் ஸ்பீக்கர் மாட்டி, ரேமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் கத்தினால் பிராசஸரும், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். செலவில்லாத சோதனை இது. ஏனோ யாரும் செய்வதில்லை.

போர்டில் உள்ள நாணய வடிவ சி.ஆர்.2032 பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும், 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். பவர் கார்டைப் பிடுங்கிய நிலையில் பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். தவறான ரேம் வேகம் வைத்ததால் நின்ற போர்டு இதிலேயே எழுந்துவிடும்.

பிறகு எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டி. பிராசஸர் பக்கத்து 4 அல்லது 8 பின் வயர் செருகாமல் இருந்தாலும் ஃபேன் சுற்றும், படம் வராது. 24 பின் கனெக்டரில் ஊதா வயரில் எப்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. எல்லா வயரும் கருப்பாக இருந்தால் பின் படத்தைப் பார்த்து அளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அதன் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. லைவுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள். இதை எலக்ட்ரீஷியனை வைத்தே பாருங்கள். யு.பி.எஸ். வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

வேலூர் வெயிலின் உண்மையான பலி கெப்பாசிட்டர்தான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கத்திரியில் 40 டிகிரி தாண்டும்போது, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட்டுக்குள் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போர்டில் உள்ள கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறம் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி தாங்கும், லோ இ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) வகை. கழற்றும் முன் மைனஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னும் வரவில்லையென்றால் போர்டை வெளியே எடுத்து அட்டை மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும், படம் பார்க்க பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும். கேபினெட்டின் பவர் பட்டன் வயர் செருகியிருந்த குட்டிப் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். இப்போது படம் வந்தால், கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) போர்டின் அடியில் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

அதற்குப் பிறகும் இருட்டுதான் என்றால் பிராசஸரைக் கழற்றி, சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலே போதும். பழைய போர்டு வாங்கப் போனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எச்61 சிப்செட் போர்டு என்றால் 1155 சாக்கெட், எச்81 என்றால் 1150, ஒன்றின் பிராசஸர் மற்றதில் உட்காராது.