பெங்களூரிலிருந்து பவளப்பாறை ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் மன்னார் வளைகுடாவுக்கு வந்தேறிய கடல் உயிரினங்களைப் பற்றி ஆய்வுத் தலைப்பு எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே உண்டு. டிஎன்ஏ பார்க்க லேப் இருக்கிறது, செயற்கைக்கோள் தரவு இலவசம், மதுரைக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்: ஆதாரம் கைக்கு வரும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே இறக்குவதில் இது தொடங்குகிறது. சிங்கமீன் கரீபியன் கடலில் பெரிய தலைவலி. நம் கடலில் அது மண்ணின் மைந்தன். முள்முடி நட்சத்திர மீன் பெருகினால் பவளம் அழியும்தான், அதற்காக அதை அந்நிய இனம் என்று எழுத முடியாது. கரிஜோவா என்ற மென்பவளம் 1972ல் ஹவாயில் தென்பட்டபோது கரீபியனிலிருந்து வந்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு வந்த மரபணு ஆய்வுகள் இந்தோ-பசிபிக் பக்கம் கை காட்டின. பூர்வீகம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

அடுத்தது கப்பாஃபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சிவப்புப் பாசி. 1990களில் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் என்ற ஊருக்கு வளர்ப்புக்காக வந்தது. 2008ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது பதிவானது. இதை வைத்து எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு போட்டோவை நம்புகிறார்கள்: மேலே பாசி, கீழே செத்த பவளம், ஆகவே பாசிதான் கொன்றது. அப்படியா? 2010லும் 2016லும் அங்கே கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்துச் செத்த எலும்புக்கூட்டில் பாசி பிறகு குடியேறியிருக்கலாம். பாசி மூடி வெளிச்சம் மறைந்தும் பவளம் செத்திருக்கலாம். இரண்டு கதைக்கும் கடைசிப் படம் ஒன்றே. அதே இடத்தில் அளவுச் சட்டகம் ஒன்றைப் பதித்து, கோடைக்கு முன்னும் பின்னும், பாசியை விலக்கி அடியில் திசு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் பாசியைப் பற்றியோ காலநிலை மாற்றத்தைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதக் கூடாது. டிசம்பர் லீவில் மட்டும் போய்வந்தால் இது நடக்காது. வெளுப்பு பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரை.

விலக்கும்போது கவனம். கிள்ளிய சிறு துண்டுகூடத் தனியாக வளரும். தண்ணீருக்குள்ளேயே பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். ஈர உடுப்போடு அடுத்த தீவுக்குத் தாவாதீர்கள். ஆய்வாளரே விதைத்துவிட்டு வந்தால் யாரைக் குறை சொல்வது?

வெப்பநிலைக்குச் செயற்கைக்கோளை மட்டும் நம்புவதும் வழக்கமான சறுக்கல். அந்தத் தரவின் ஒரு கட்டம் சுமார் 5 கி.மீ.; தீவை ஒட்டிய ஆழமில்லாத பாறையின் சூடு அதில் கரைந்துபோகும். பாறையருகே ஒரு லாகர் (வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் சிறு கருவி) கட்டாயம்.

தண்ணீரில் டிஎன்ஏ கிடைத்துவிட்டால் அந்த உயிரினம் அங்கே வாழ்கிறது என்று பொருளில்லை. தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது. கப்பல் ஆடாமலிருக்க ஏற்றிவந்து கொட்டும் நிலைப்புநீரிலும் அந்த டிஎன்ஏ வரலாம். போதாததற்கு, நம் கடல் இனங்கள் பல, ஒப்பிட்டுப் பார்க்கும் டிஎன்ஏ தரவுத்தளத்திலேயே இல்லை. கணினி பக்கத்து இனத்தின் பெயரைத் தயக்கமின்றிக் கொடுத்துவிடும்.

அனுமதிக் கடிதத்தை மறக்க வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. உடைந்து கிடக்கும் துண்டானாலும் வனத்துறையைக் கேட்காமல் எடுக்க முடியாது. தலைப்பு முடிவானதுமே விண்ணப்பம் போய்விட வேண்டும், டிக்கெட் போட்ட பிறகு அல்ல.