சினிமா சுனாமியை நம்பிக் கரையில் நிற்காதீர்கள்

டிசாஸ்டர் படங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பூமியின் நடுவுக்கு வண்டி விடுவதையும் பறக்கும் ஹெலிகாப்டர் நொடியில் உறைந்து விழுவதையும் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். அதை நம்பி யாரும் ஏமாறப் போவதில்லை. நிஜம் மாதிரியே தெரிகிற தவறுகள்தான் ஆபத்து. கடற்கரையில் நிற்கும் நாளில் அவைதான் ஞாபகத்துக்கு வரும்.

'சான் ஆன்ட்ரியாஸ்' (2015) படத்தில் பிரம்மாண்டமான ஒரு நீர்ச்சுவர் எழும்பி வரும். நாயகன் அதன் முதுகில் படகை ஏற்றி மறுபக்கம் இறங்கித் தப்பிப்பார். சுனாமி அப்படி வருவதில்லை. மெரினாவில் முழங்கால் நனைய நின்று பாருங்கள். அலை வரும், பாதத்துக்கு அடியில் மணலை அரிக்கும், சில நொடிகளில் திரும்பிவிடும். அதற்கும் அடுத்த அலைக்கும் நடுவே நூறு மீட்டர் இருந்தாலே அதிகம். சுனாமியில் அந்த இடைவெளி ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், கரையருகே சுருங்கிய பிறகும் பல கிலோமீட்டர். அதனால் வந்த தண்ணீர் உடனே திரும்பாது. பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். படகில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

ஆழிப்பேரலை என்ற சொல்லும் அந்தத் தப்பான சித்திரத்தையே மனதில் வரைகிறது. கடல்கோள் என்ற பழைய சொல் எவ்வளவு துல்லியம்! கடல் வந்து ஊரைக் கொண்டது, அவ்வளவுதான். அலையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

சரி, கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடிவிடலாம் என்பது படங்கள் சொல்லித்தரும் இன்னொரு பாடம். பாதி உண்மை. கடலடித் தட்டு எந்தப் பக்கம் எழுந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்தது அது. 2004-இல் கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கைக்கும் நமக்கும் முதலில் வந்தது நீரேற்றம். அலைகளுக்கு நடுவில்தான் கடல் பின்வாங்கியது. 'இன்னும் உள்வாங்கவில்லையே' என்று காத்திருப்பதும் தப்பு, ஒரு அலை போனதும் வீட்டைப் பார்க்கத் திரும்புவதும் தப்பு. 'தி இம்பாசிபிள்' (2012) ஒரு விஷயத்தைச் சரியாகக் காட்டியது: ஆளைக் கிழிப்பது தண்ணீரோடு உருண்டு வரும் மரமும் தகரமும்.

நிலநடுக்கத்தில், பூமி வாய் பிளந்து ஆட்களை விழுங்கும் காட்சி இல்லாத படம் குறைவு. நிஜத்தில், அந்தப் படத்துக்குப் பெயர் தந்த கலிபோர்னியாவின் சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவின் இரு பக்கங்களும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்கின்றன. அந்த உரசலால்தான் நடுக்கமே. வாய் திறந்துகொண்டால் உரசல் ஏது? 1906-இல் சான் பிரான்சிஸ்கோ அதிர்ந்தபோது பாயின்ட் ரேயஸ் பகுதியில் ஒரு வேலி இரண்டாக அறுந்து, ஒரு பாதி சுமார் 5 மீட்டர் தள்ளிப் போய் நின்றது. பெரும்பாலும் தரையில் ஓடி, பக்கவாட்டில் நகரும் இந்தப் பிளவால் கடலைத் தூக்கிப்போடவும் முடியாது. ஆக, 'சான் ஆன்ட்ரியாஸ்' படத்தின் சுனாமி இரட்டைப் பொய்.

நிலநடுக்கத்தின் அளவிலும் திரைக்கதைக்காரர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. 10, 11 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கருவிகளில் பதிவானதில் பெரியது 1960-இல் சிலியை உலுக்கியது, 9.5. அதற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு உடைய வேண்டியிருந்தது. ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். (பெரிய நடுக்கங்களுக்கு ரிக்டர் அளவையைப் பயன்படுத்துவதை விஞ்ஞானிகள் எப்போதோ விட்டுவிட்டார்கள். நம் செய்திகள் மட்டும் விடுவதாயில்லை.)

டப்பிங் படங்களில் வேறொரு குழப்பம். டொர்னேடோவும் சூறாவளி, புயலும் சூறாவளி. முதலாவது பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆட்டம். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் நகரும். அதில் கூரை பறப்பதை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் அங்கே போன ரயிலையும் வாரிக்கொண்டு போனது, காற்று தள்ளிவந்த கடல்நீர்.

அப்புறம், எல்லாமே ரீல் என்று ஒதுக்குவதும் தவறுதான். 'டான்டேஸ் பீக்' (1997) படத்தில் எரிமலைக் குழம்பின் மேல் வண்டி ஓட்டுவது அபத்தம். ஆனால் அதே படத்தில் மலைச்சரிவில் மரங்கள் பட்டுப்போய் நிற்பதைக் காட்டுவார்கள். அதையும் கற்பனை என்றே நினைத்திருந்தேன். கலிபோர்னியாவின் மாமத் மலை என்ற எரிமலையில் 1990 முதல் அதேதான் நடந்திருக்கிறது. அடியிலிருந்து கசிந்த கார்பன் டை ஆக்சைடு மண்ணில் நிறைந்து, வேர்கள் மூச்சுமுட்டி, ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் காடே மொட்டையாகிவிட்டது.