குளிசை எடுப்பவர்கள் தியானத்தில் அமரும்போது

மனநல கிளினிக்கில் மருந்து எடுக்கும் பலர் தியானமும் பழகுகிறார்கள், விரதமும் பிடிக்கிறார்கள். அவர்களில் சிலர், முன்புபோல மனம் குவிவதில்லை என்றும், முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் வாசலில் நின்றாலும் கண்ணீர் வருவதில்லை என்றும் சொல்லி, ஒருவரிடமும் கேளாமல் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருமுன் செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலில், வறட்சி எப்போது தொடங்கியது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். மனச்சோர்வு நோயே வழிபாட்டின் இனிமையைப் பறித்துவிடக் கூடியது. மருந்து தொடங்குவதற்கு முன்பே அது போயிருந்தால், பழியைக் குளிசையின் மேல் போடுவதில் நியாயமில்லை. புளுஒக்செடின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலனைக் காட்டச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். மாறாக, நோய் தணிந்த பின்னர் துயரமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை என்ற மரத்துப்போன நிலை புதிதாக வந்திருந்தால், அது இம்மருந்துகளால் சிலருக்கு நேர்வதுதான். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ மருத்துவர் உதவ முடியும். தெய்வம் கைவிட்டதாக எண்ணிக் கலங்க இதில் இடமில்லை.

அசையாமல் அமர முடியாதவர்களின் நிலை வேறு. மனப்பிறழ்வுக்கு, அதாவது இல்லாத குரல் கேட்பது போன்ற நோய்க்கு, தரப்படும் ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளும், சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் நீண்டகால ஊசிகளும் சிலருக்குக் கால்களில் பொறுக்க முடியாத பதைப்பை உண்டாக்கும். பாயில் அமர்ந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நடக்கத் தோன்றும். கால்களை மாற்றி மாற்றி வைத்தாலும் அடங்காது. இதை மனக்கட்டுப்பாடு போதாது என்று குருமார் கண்டிப்பதுண்டு. அது தவறு, ஏனெனில் இது மருத்துவம் அறிந்த, சிகிச்சையுள்ள பக்கவிளைவு. அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். அது தணியும்வரை, கோயில் வீதியை மெதுவாகச் சுற்றி வருவதும், செபமாலையை உருட்டியபடி நடப்பதும் முழுமையான வழிபாடே.

அதே வகையைச் சேர்ந்த ஒலன்சபின் முதலியவற்றை இரவில் எடுப்பவர்களுக்கு விடியற்கால அமர்வில் தூக்கம் தலையைச் சாய்க்கும். குளிசை நேரத்தை நீங்களாக மாற்றாமல், தியான நேரத்தைக் காலைச் சாப்பாட்டின் பின்னருக்குத் தள்ளுங்கள். இம்மருந்துகளால் வரும் நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் தரப்படும் பென்செக்சோல் வாயை உலர்த்தும், கண்ணை மங்கச் செய்யும். தேவாரம் படிக்கும் வேளையில் ஒரு செம்பு தண்ணீரும் பெரிய எழுத்துப் புத்தகமும் அருகில் இருந்தால் போதும்.

இருமுனைக் கோளாறுக்கு, அதாவது மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு, லிதியம் எடுப்பவர்கள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லிதியம் ஏறி நஞ்சாகிவிடும். ஆகவே தண்ணீரும் விட்ட உபவாச ஜெபமோ, உப்பைத் தவிர்க்கும் கந்தசஷ்டி விரதமோ மருத்துவரின் அனுமதியின்றி வேண்டாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வற்றாப்பளை வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையில் வெயிலும் வியர்வையும் சேர்ந்து வரும். கால்வலிக்கென்று டைக்குளோபெனக், இபுபுரோபன் குளிசைகளை வாங்கிப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். கைநடுக்கம் அதிகரித்தல், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தெரிந்தால் யாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கமின்மையே நோயைக் கிளறும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலில் விடியவிடிய விழித்திருப்பது ஊருக்குப் பெருமையாக இருந்தாலும், அவர்கள் முன்னிரவில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதே நல்லது. நீண்ட மௌனத் தியான முகாம்களும் அப்படியே: மனப்பிறழ்வு முன்பு வந்திருந்தால் நடத்துபவரிடம் மறைக்காதீர்கள். கலை வருவது, அதாவது சாமி வந்து ஆடுவது, எங்கள் வழிபாட்டில் புதிதன்று, அது மட்டும் நோயுமன்று. ஆனால் பூசை முடிந்தும் இறங்காமல், பல இரவுகள் தூக்கமின்றி, கட்டளையிடும் குரலாகத் தொடர்ந்தால் பூசாரியும் வீட்டாரும் சேர்ந்தே கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் வன்னியில் சொல்லியாக வேண்டும். 2009இல் போர் முடியும்வரை இங்கு வாழ்ந்த பலருக்குக் கண்ணை மூடினால் ஷெல் சத்தமும் பதுங்குகுழியும் திரும்பி வருகின்றன. மூச்சைக் கவனித்தால் நெஞ்சடைப்பு வருகிறது. அவர்கள் கண்ணைத் திறந்தபடி விளக்குச் சுடரையோ, தரையில் பதிந்த பாதத்தையோ கவனித்து, சிறிது நேரத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இங்கு குறை மருந்திலும் இல்லை, அவர்களிடமும் இல்லை. தியான முறைதான் மாற வேண்டும்.

மனச்சோர்வுக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, விசித்திரக் கனவுகள் வரக்கூடும். இவற்றைக் குண்டலினி எழுந்ததாகக் கருதி மகிழ்ந்துவிடக் கூடாது. பதற்றத்தைத் தணிக்கும் டயசெபாம், குளோனசெபாம் நீண்டகாலம் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

கிளினிக் வரிசையில் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எந்த வேளையில் என்ன குளிசை எடுத்தீர்கள், அதன் பின் தியானத்தில் என்ன நேர்ந்தது, எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள் என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு வரியாக எழுதி அதை அவரிடம் நீட்டுங்கள். இடையில் அவசரமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.