ஏஎன்எம் சேர போறீங்களா? ஒரு ரூபா கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

போன வாரம் எங்க சப்-சென்டருக்கு, அதாவது துணை சுகாதார நிலையத்துக்கு, ஒரு பொண்ணு வந்துச்சு. பன்னெண்டாவது முடிச்சிருக்கு, கையில ஒரு கலர் நோட்டீஸ். "அக்கா, இதுல ஒரே வருஷத்துல நர்ஸ் ஆயிடலாம்னு போட்டிருக்கு, சேரட்டுமா"ன்னு கேட்டுச்சு. நோட்டீஸ வாங்கி பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. ஏன்னா இதே மாதிரி ஒரு நோட்டீஸ நம்பித்தான் நான் ஒரு வருஷத்தையும், எங்கப்பா மிளகு வித்து சேர்த்து வெச்சிருந்த 40,000 ரூபாயையும் தொலைச்சேன். அப்புறம் மறுபடியும் முதல்ல இருந்து ஏஎன்எம் (துணை நர்ஸ், மகப்பேறு செவிலியர் படிப்பு) படிச்சு, நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சு, இப்ப ஏற்காட்டுக்கு மேல ஒரு சப்-சென்டர்ல வேலை பாக்கறேன். அந்த பொண்ணுகிட்ட ரெண்டு மணி நேரம் பேசினத அப்படியே இங்க எழுதறேன், நம்ம மலைப் பொண்ணுங்களுக்கும் கீழ சேலத்துப் பொண்ணுங்களுக்கும் உதவட்டும்.

1. முதல்ல எந்த கோர்ஸ்னு தெளிவாகுங்க

நர்சிங்னு பொதுவா சொல்றாங்களே தவிர உள்ள நாலஞ்சு வகை இருக்கு. பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம், ஜிஎன்எம் (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ) மூணு வருஷம், ஏஎன்எம் ரெண்டு வருஷம். ஏஎன்எம்மத்தான் நம்ம தமிழ்நாட்டுல எம்பிஹெச்டபிள்யூ பீமேல், அதாவது பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்னும் சொல்லுவாங்க. ஊர்ல நாம "நர்சம்மா"ன்னு கூப்பிடற கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு இந்த படிப்பு தான்.

இது போக ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், நர்சிங் அசிஸ்டென்ட் மாதிரி சின்ன கோர்ஸ் இருக்கு. பேஷன்ட்ட குளிக்க வைக்கறது, புரட்டி படுக்க வைக்கறது, சாப்பாடு ஊட்டறது எல்லாம் சொல்லித் தருவாங்க. நல்ல வேலை தான், நான் குறை சொல்லல, வீட்டு கஷ்டத்துக்கு சீக்கிரம் சம்பளம் வேணும்னா தாராளமா போகலாம். ஆனா அத முடிச்சா கவுன்சில்ல நர்ஸா பதிய முடியாது. "ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ"ன்னு போட்டா உடனே உஷாராகுங்க, ஏன்னா கவுன்சில்ல பதியற படிப்புலயே சின்னது ரெண்டு வருஷ ஏஎன்எம் தான்.

2. தகுதி

பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கணும். சயின்ஸ் குரூப் தான் வேணும்னு இல்ல, ஆர்ட்ஸ், காமர்ஸ், தொழிற்கல்வி ஹெல்த் கேர் குரூப் எல்லாருக்கும் வழி இருக்கு. சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும், அதிகபட்சம் 35. பொண்ணுங்களுக்கு மட்டும் தான். உங்க அம்மா காலத்துல பத்தாவதும் ஒன்றரை வருஷமும் போதும்னு இருந்துச்சு, அத நினைச்சுட்டு யாராவது "பத்தாவது போதும் வா"ன்னு கூப்பிட்டா போகாதீங்க.

3. அங்கீகாரம் பாக்கறது (நான் விழுந்த இடம்)

இத மெதுவா படிங்க.

நான் சேர்ந்த இடத்துல சுவத்துல நாலு சர்டிபிகேட் பிரேம் போட்டு மாட்டியிருந்தாங்க. ஒண்ணு டிரஸ்ட் ரிஜிஸ்ட்ரேஷன். ஒண்ணு ஐஎஸ்ஓன்னு ஒரு தரச் சான்று. இன்னும் ரெண்டுல அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ முத்திரை. எங்கப்பா படிக்காதவரு, "அரசாங்க முத்திரை இருக்கு கண்ணு"ன்னு சொல்லி பணத்த எண்ணி குடுத்தாரு. எனக்கும் அதுக்கு மேல கேக்கத் தெரியல. ஒரு வருஷம் வெள்ளை கோட் போட்டுட்டு போனேன், நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. முடிச்சிட்டு சேலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனா, அங்க இருந்த மேட்ரன் அம்மா என் சர்டிபிகேட்ட திருப்பி திருப்பி பார்த்துட்டு "கவுன்சில் நம்பர் எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. கவுன்சில்னா என்னன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். திரும்பி ஏற்காடு பஸ்ல ஏறி அந்த இருவது கொண்டை ஊசி வளைவும் முடியற வரைக்கும் அப்பாகிட்ட இத எப்படி சொல்றதுன்னே யோசிச்சுட்டு வந்தேன்.

டிரஸ்ட் ரிஜிஸ்ட்ரேஷன்னா அந்த டிரஸ்ட் பதிவாகியிருக்குன்னு மட்டும் தான் அர்த்தம், அவங்க நடத்தற நர்சிங் கோர்ஸ் செல்லும்னு அர்த்தம் இல்ல. ஐஎஸ்ஓவும் அப்படித்தான். நமக்கு வேண்டியது ரெண்டே பேரு: இந்தியன் நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். முதல்ல சொன்னது 1947 சட்டத்துல வந்தது, ரெண்டாவது 1926 சட்டத்துல வந்தது, ஆபீஸ் சென்னை சாந்தோம்ல இருக்கு. (இந்தியன் நர்சிங் கவுன்சிலுக்கு பதிலா தேசிய கமிஷன் அமைக்க 2023ல சட்டம் பாஸ் ஆயிருக்கு, அதனால பேரு மாறினா குழம்பாதீங்க. நர்ஸ் பதிவேட்ட யாரு வெச்சிருக்காங்களோ அவங்க அங்கீகாரம் தான் கணக்கு.)

பாக்கற விதம் இதுதான். இந்தியன் நர்சிங் கவுன்சில் வெப்சைட்ல அங்கீகாரம் இருக்கற ஸ்கூல் பட்டியல் மாநில வாரியா, கோர்ஸ் வாரியா இருக்கும். தமிழ்நாடு எடுத்து, ஏஎன்எம் எடுத்து, நாலு விஷயம் பாருங்க. பேரு எழுத்து மாறாம அப்படியே இருக்கா, ஊர் அதே ஊரா (ஒரே பேர்ல வேற மாவட்டத்துல வேற ஸ்கூல் இருக்கும், அதக் காட்டி ஏமாத்துவாங்க), எந்த வருஷத்து பட்டியல், எத்தன சீட்டு. இதுல நிறைய பேர் தவற விடறது கோர்ஸ். ஒரு ஸ்கூலுக்கு ஜிஎன்எம்முக்கு அங்கீகாரம் இருக்கும், ஏஎன்எம்முக்கு இருக்காது. "எங்க பேரு லிஸ்ட்ல இருக்கு பாருங்க"ன்னு காட்டுவாங்க, இருக்கும் தான், ஆனா வேற பக்கத்துல.

போன்ல பாக்காதீங்க, அந்த பட்டியல் சின்ன எழுத்து, தப்பா படிச்சிருவோம். பக்கத்துல இ-சேவை மையத்துலயோ பிரவுசிங் சென்டர்லயோ அந்த பக்கத்த பிரின்ட் எடுத்து வெச்சுக்கிட்டு ஸ்கேல் வெச்சு வரி வரியா பாருங்க. நான் இன்னிக்கும் அப்படித்தான் செய்யறேன்.

இன்னொரு வழி, என்னைக் கேட்டா இதுதான் இன்னும் பலமானது: அங்க ஏற்கனவே படிச்சு முடிச்ச ஒரு அக்காவ காட்ட சொல்லுங்க, அவங்க கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்ட கண்ணால பாருங்க. உண்மையான ஸ்கூலா இருந்தா உடனே நம்பர் குடுப்பாங்க. "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா ஆஃபர்"னு சொன்னா எழுந்து வந்துருங்க.

4. சர்டிபிகேட் வேலைகள்

பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், டிசி, ஆதார், போட்டோ, வருமானச் சான்று, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு கம்யூனிட்டி சர்டிபிகேட். நம்ம மலையில முக்கால்வாசிப் பேர் மலையாளி பழங்குடி (கேரளாக்காரங்க இல்ல), சேலம் மாவட்டத்துல நமக்கு எஸ்டி. மத்தவங்களுக்கு தாசில்தார் ஆபீஸோட முடிஞ்சிரும், எஸ்டி சர்டிபிகேட் ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் தான் தரணும், விசாரணை எல்லாம் நடக்கும், நாளாகும். ரிசல்ட் வந்ததும் ஓடாதீங்க, பன்னெண்டாவது படிக்கும் போதே போட்டு வெச்சிருங்க. வீட்டு வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கும் அது வேணும். அங்கீகாரம் இல்லாத இடத்துல சேர்ந்தா அந்த ஸ்காலர்ஷிப்பும் போச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது இனிஷியல். மார்க் ஷீட்ல முன்னாடி "எம்"னு இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கும், இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூட குறைய இருக்கும். இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா கடைசியில பதிவு பண்ணும் போது மாட்டும். பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே ஆதார இப்பவே மாத்திருங்க. ஆதார மாத்தறது சுலபம், மார்க் ஷீட்ட மாத்தறது பெரும்பாடு.

மெடிக்கல் ஃபிட்னஸ் அரசு டாக்டர்கிட்ட வாங்கிக்கலாம். அதோட ஹெபடைட்டிஸ் பி ஊசி போடாதவங்க சேர்ந்த உடனே ஆரம்பிச்சிருங்க, 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ். வார்டுல ஊசி குத்திக்கிட்ட அப்புறம் பயந்து பிரயோஜனம் இல்ல.

5. படிப்பு எப்படி இருக்கும்

முதல் வருஷம் சமுதாய சுகாதாரம், சத்துணவு, உடம்பு, சுத்தம், மனநலம், நோய்த்தடுப்பு, குழந்தை நலம். ரெண்டாவது வருஷம் மகப்பேறு, ஹெல்த் சென்டர் நிர்வாகம், அப்புறம் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். எங்க பேட்ச்சுக்கு பிரசவ வார்டு சேலம் ஜிஹெச்ல. அங்க ஒரு ராத்திரியில பாக்கறது புத்தகத்துல ஒரு மாசம் படிச்சாலும் வராது. இங்கிலீஷ் வராதேன்னு பயப்படாதீங்க, ரெக்கார்ட் நோட் எழுத எழுத வந்துரும்.

வாங்க வேண்டியதுல என் அபிப்பிராயம்: டிஜிட்டல் பிபி மெஷின் வேண்டாம். கையால பம்ப் பண்றதுலயே கத்துக்கோங்க. மணிக்கட்டுல நாடிய விரல்ல பிடிச்சுக்கிட்டு பம்ப் பண்ணி, நாடி நின்ன இடத்துக்கு மேல 30 ஏத்தி, மெதுவா இறக்கிட்டே ஸ்டெத்ல கேக்கணும், இது கையில படிய மாசக்கணக்காகும். நாளைக்கு பேட்டரி தீர்ந்து போன ஒரு எஸ்டேட் லைன் வீட்டுல கர்ப்பிணிக்கு பிபி பாக்கும் போது இதுதான் கை குடுக்கும். அப்புறம் செகண்ட் முள் இருக்கற ஒரு சாதா வாட்ச் கண்டிப்பா வேணும், வயித்துல இருக்கற பாப்பாவோட இதயத் துடிப்ப ஒரு முழு நிமிஷம் எண்ணணும், 110ல இருந்து 160க்குள்ள இருக்கணும், ஒரு கையில போன பிடிச்சுட்டு அத எண்ண முடியாது.

தடுப்பூசி கேரியர் (மருந்த குளிரா கொண்டு போற பெட்டி) விஷயத்த வகுப்புல அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாங்க, நீங்க கவனமா கேளுங்க. புதன்கிழமை ஊசி நாள். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்க நேரா கேரியர்ல அடுக்கக் கூடாது. வெளிய வெச்சு மேல வேர்க்கணும், காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும், அப்புறம் தான் நாலு பேக்கையும் வைக்கணும். உள்ள 2ல இருந்து 8 டிகிரி. அவசரப்பட்டு கல்லு மாதிரி வெச்சா பென்டாவும் (அஞ்சு நோய்க்கான ஒரே ஊசி) ஹெபடைட்டிஸ் பியும் உறைஞ்சு வீணாயிரும், பாக்க நல்லாத்தான் இருக்கும், குழந்தைக்கு வேலை செய்யாது. மார்கழியில நம்ம மலைக் குளிருக்கு அது வேர்க்கவே ரொம்ப நேரமாகும், நான் அன்னிக்கெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருவேன். அப்புறம் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) கலக்கின நேரத்த பாட்டில் மேலயே எழுதுங்க, 4 மணி நேரம் தாண்டினா யாருக்கும் போடக் கூடாது.

6. முடிச்ச அப்புறம்

பாஸ் ஆனதும் நேரா தமிழ்நாடு கவுன்சில்ல பதிவு. வேலை கிடைச்ச அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, பதிவு இல்லாம வேலைக்கு அப்ளை பண்ண முடியாது. அதுக்கப்புறம் தேசிய நர்ஸ் பதிவேட்டுல சேர்ந்து தனி அடையாள நம்பர் வாங்கிக்கோங்க, அதுல ஆதார் கேப்பாங்க, மேல சொன்ன இனிஷியல் இங்கதான் கழுத்த பிடிக்கும்.

அரசு வேலைக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும். 2023ல கிராம சுகாதார செவிலியருக்கு 2,250 இடம் கேட்டாங்க. அறிவிப்பு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, அது வரைக்கும் தனியார் ஆஸ்பத்திரியில பிரசவம், குழந்தை வார்டு இருக்கற இடமா பாத்து வேலை செய்யுங்க, கை மறக்காம இருக்கும். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு சப்-சென்டர்னா மலையில 3,000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. ஆள் கம்மி தான், நடை தான் அதிகம். ஆனா நம்ம மொழி பேசற, நம்ம பழக்கம் தெரிஞ்ச ஒரு பொண்ணு வந்து சொன்னாத்தான் எங்க ஊர்ல பாட்டிமாருங்க பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, இத நான் தினமும் பாக்கறேன்.

மேல படிக்கணும்னா பதிஞ்ச ஏஎன்எம் ஜிஎன்எம் சேரலாம், வழி அடைபடல.

பின்னாடி சேர்த்தது

பசங்களும் ஏஎன்எம் சேரலாமான்னு தம்பிங்க மூணு பேர் கேட்டிருந்தீங்க. ஏஎன்எம் உங்களுக்கு கிடையாது. ஜிஎன்எம், பிஎஸ்சி ரெண்டும் பசங்களும் படிக்கலாம். ஊர்ல சுகாதார வேலை தான் பிடிக்கும்னா ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கான ரெண்டு வருஷ கோர்ஸ் இருக்கு, அதுக்கு பன்னெண்டாவதுல பயாலஜி வேணும்.

இன்னொண்ணு

ஓமலூர் பக்கம் ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க, ஏஜென்ட் மூலமா பெங்களூர்ல ஏஎன்எம் முடிச்சிட்டு வந்து இங்க பதிய முடியாம நிக்கறாங்களாம். வெளி மாநிலத்துல படிச்சா முதல்ல அந்த மாநில கவுன்சில்ல பதியணும், அங்க இருந்து தடையில்லா சான்று வாங்கித்தான் இங்க மாத்தணும். அங்க பதிவே ஆகலைன்னா அந்த ஸ்கூலுக்கு அங்கீகாரம் இருந்துச்சான்னு முதல்ல பாருங்க தங்கச்சி, மூணாவது படியில சொன்ன அதே பட்டியல்ல கர்நாடகா பக்கத்த எடுங்க, நீங்க சேர்ந்த வருஷத்து பட்டியல், இந்த வருஷத்துது இல்ல. பாக்கத் தெரியலைன்னா ஸ்கூல் பேரும் ஊரும் வருஷமும் மட்டும் எழுதுங்க, நான் உக்காந்து பாத்து சொல்றேன்.