பாதுகாப்பு என்று நினைத்து ஆண்கள் செய்யும் தவறுகள்

பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதையே வழக்கமாக வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்கள் இதையெல்லாம் படிக்கப் போவதும் இல்லை. தன்னால் எந்தப் பெண்ணும் பயப்படக் கூடாது, கூச்சப்படக் கூடாது என்று உண்மையிலேயே நினைக்கிற ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குப் பாதுகாப்பு என்றால், தான் கூடவே நிற்பது, தான் முடிவெடுப்பது, தான் காப்பாற்றுவது. பெண்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் வேறு: "வேண்டாம்" என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடிய வேண்டும், அதற்காக முகம் சுளிப்போ சண்டையோ பழிவாங்கலோ வரக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்கள் எங்கே தப்பாகப் போகின்றன என்பது புரிந்துவிடும்.

"என்னைப் பார்த்து எதற்குப் பயம்?"

இரவு நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. உங்களுக்கு முன்னால் ஒரு பெண் தனியாகப் போகிறார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நீங்கள் எட்டிப்போட்டு நடக்கிறீர்கள். அவர் காதில் விழுவது காலடிச் சத்தம் மட்டும்தான். திரும்பிப் பார்க்காமல் பையை முன்பக்கம் இழுத்துக்கொள்கிறார், யாருமே அழைக்காத போனைக் காதில் வைத்துப் பேசுகிறார், வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்கிறார். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் போட்ட கணக்கு தப்பானால் பாதிக்கப்படப் போவது அவர்தானே.

இந்த இடத்தில் சிலர் செய்கிற காரியம், வேகமாகப் பக்கத்தில் வந்து "பயப்படாதீங்க, நான் இந்தத் தெருதான்" என்று சொல்வது. இருட்டில் முன்பின் தெரியாத ஒருவன் நெருங்கி வந்து சொல்கிற எந்த வார்த்தையும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். தெருவின் எதிர்ப் பக்கத்துக்கு மாறிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், நின்று ஒரு நிமிடம் இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். யாருக்காவது போன் போட்டுச் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடந்தாலும் சரி. லிஃப்டில் ஒரு பெண் தனியாக இருந்தால், பட்டன்களையும் கதவையும் மறித்து நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். அவசரம் இல்லாவிட்டால் அடுத்த லிஃப்டில் போகலாம்.

இதையெல்லாம் செய்ததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். நீங்கள் விலகிப் போனதே அவருக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் முடிந்தால்தான் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

மறுத்த பிறகும் கேட்பது

"நானே வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்று ஒரு தடவை கேட்பது மரியாதை. "பரவாயில்லை, நானே போய்க்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன பிறகு மூன்றாவது தடவை கேட்டால், அவர் உங்களைச் சமாளிக்க ஆரம்பிக்கிறார். தன் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம். காரணம் கேட்காதீர்கள். "சரி, வண்டி வரும்வரை உள்ளே எல்லோரோடும் உட்கார்ந்திருக்கலாமே" என்று சொல்லி, அவர் எப்படிப் போவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இதே கதைதான் பழகும்போதும். நேருக்கு நேர் "முடியாது" என்று சொன்னால் எதிரே இருப்பவன் எப்படி எடுத்துக்கொள்வானோ என்ற யோசனையிலேயே பல பெண்கள் மறுப்பைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். "இந்த வாரம் கொஞ்சம் வேலை", "பார்க்கலாம்", ஒரு சிரிப்பு, பேச்சை மாற்றுவது, மெசேஜுக்குப் பதில் இல்லாமல் போவது: எல்லாமே பதில்தான். விருப்பம் இருந்து வேலையும் இருக்கிறவர் "அடுத்த வாரம் சந்திக்கலாமா?" என்று தானே ஒரு நாள் சொல்வார்.

மௌனம் சம்மதம் என்ற கணக்கு இன்னும் ஆபத்தானது. பயம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பு எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் அப்படியே உறைந்துபோவது உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஸ்வீடனில் ஒரு அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் தங்கள் உடம்பு குறிப்பிடத்தக்க அளவு இப்படி உறைந்துபோனதாகச் சொல்லியிருந்தார்கள். "அவள் ஏன் கத்தவில்லை?" என்று கேட்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கை தொட்டதும் அவர் விறைத்துப் போனாலோ, பேச்சு நின்றுபோனாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு வாய் திறந்து கேளுங்கள். மனநிலை கெட்டுவிடும் என்று கேட்காமல் விடுவதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

அவர் சொல்லும்போது நீங்கள் பொங்குவது

தங்கையோ தோழியோ மனைவியோ, தனக்கு நடந்த ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். முதல் கேள்வி "அந்த நேரத்துக்கு அங்கே ஏன் போனே?" என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்பதும் அதே ரகம். இவை தப்பு என்று இப்போது பலருக்குத் தெரியும். தெரியாத தவறு ஒன்று இருக்கிறது: "யார் அவன்? பேரைச் சொல்லு, இப்பவே போய் ரெண்டில் ஒண்ணு பார்க்கிறேன்" என்று எழுந்து நிற்பது.

பார்க்கப் பாசமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நடந்ததைச் சொல்ல வந்தவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார், "விடு, பெரிசா ஒண்ணும் நடக்கல" என்று தன் கஷ்டத்தையே குறைத்துச் சொல்கிறார். அடுத்த தடவை உங்களிடம் சொல்லலாமா என்று பத்து தடவை யோசிப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது: காது கொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்று புரிய வை, ஆபத்து தொடராமல் இருக்க யோசி, உதவி கிடைக்கும் இடங்களோடு இணைத்துவிடு. கேட்பது முதலில், வழி சொல்வது பிறகு. வீட்டிலும் இது அப்படியே பொருந்தும். "சொன்னதுக்கு நன்றி. உன் மேல தப்பு இல்ல. இப்ப நான் என்ன செய்யணும்?" இவ்வளவு போதும். புகார் கொடுப்பதா, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதெல்லாம் அவர் முடிவு. மெசேஜ், தேதி, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள மட்டும் நினைவுபடுத்துங்கள். அவர் கேட்டால் கூடவே போய் நில்லுங்கள்.

யாராவது கேட்பார்கள் என்று இருந்துவிடுவது

ஒரு பெண்ணை ஒருவன் சீண்டிக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் நிறையப் பேர். ஒருவரும் அசையவில்லை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய சோதனை இதை ஓரளவு விளக்குகிறது. ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலைக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்த ஆள் பேசி முடிப்பதற்குள் உதவிக்குக் கிளம்பினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களிலோ 31 சதவீதம்தான். கூட்டம் கூடக்கூடப் பொறுப்பு பங்கு போடப்பட்டுவிடுகிறது.

தலையிடுவது என்றாலே சட்டையைப் பிடிப்பது என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் ஒதுங்குகிறார்கள். அந்தப் பெண்ணிடம் போய் "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டு இடையில் நிற்கலாம். பொறுப்பில் இருக்கும் ஊழியரைக் கூப்பிடலாம். எல்லாம் முடிந்த பிறகு "நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்கலாம். நடப்பதை வீடியோ எடுத்திருந்தால் அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

இதைவிடக் கஷ்டமானது நண்பர்கள் வட்டத்தில் வாயைத் திறப்பது. வாட்ஸ்அப் குழுவில் உடன் வேலை பார்க்கும் பெண்ணின் புகைப்படம் வருகிறது, கீழே கமெண்ட்கள். ஒரு பெரிய சொற்பொழிவு யாருக்கும் வேண்டாம். "டேய், எடுத்துடு இதை" என்று ஒரு வரி போடுங்கள். பெண்கள் இல்லாத இடத்தில் காட்டுகிற மரியாதைக்குத்தான் என் கணக்கில் மதிப்பு அதிகம்.

வேலை இடத்தில்

ஒரு பெண் சொன்ன யோசனைக்குத் தலை நிமிராத கூட்டம், பத்து நிமிடம் கழித்து அதையே ஒரு ஆண் சொன்னதும் கை தட்டும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒருவர் நல்ல கருத்து சொன்னால் மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லி அதைத் திரும்பச் சொல்வார்கள். "இதை முதலில் சொன்னது அவர்தான், அவரே முழுசாகச் சொல்லட்டும்" என்று ஆண்களும் சொல்லலாம், வாய் வலிக்காது. குறிப்பெடுப்பது, பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் தானாகவே பெண்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

வேலை நேரம் முடிந்து வரும் மெசேஜ் சொந்த விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட 190-ஆவது உடன்படிக்கை, வேலை தொடர்பான டிஜிட்டல் தகவல்தொடர்பில் நடக்கும் துன்புறுத்தலையும், வேலைக்குப் போய்வரும் வழியில் நடப்பதையும் கணக்கில் சேர்க்கிறது.

ஆபத்து வெளியில் மட்டும் என்று நினைப்பது

ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகம் முழுக்கத் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 51,100 பேர். வேண்டுமென்றே கொல்லப்பட்ட எல்லாப் பெண்களிலும் சிறுமிகளிலும் இது சுமார் 60 சதவீதம். அதனால் "வெளியே போகாதே" என்பது பாதுகாப்புத் திட்டம் ஆகாது. போன் பாஸ்வேர்டைக் கேட்பது, லொகேஷனை எப்போதும் ஆன் செய்து வைக்கச் சொல்வது, யாரோடு பேசினாய் என்று தினமும் விசாரிப்பது எல்லாம் அக்கறை என்ற பெயரில்தான் ஆரம்பிக்கும். அவர் லொகேஷனை ஆஃப் செய்தால் உங்களுக்குக் கோபம் வருகிறதா? அப்படியானால் அது கண்காணிப்பு.

தப்பு நடந்த பிறகு

"நீங்கள் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொன்னால், "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று வழக்காடாதீர்கள். "மன்னியுங்கள், இனி அப்படிப் பேச மாட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள். "நான் அவ்வளவு மோசமானவனா?" என்று கேட்டு அவரே உங்களைத் தேற்றும்படி செய்ய வேண்டாம். அப்புறம் இன்னொன்று. மன்னிப்புக் கேட்ட கையோடு அவரைத் தவிர்க்க ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள்: வணக்கம் கிடையாது, முக்கியமான மெயில்களில் அவர் பெயர் இருக்காது, "அவங்ககிட்ட பார்த்துப் பேசணும்பா" என்று நாலு பேரிடம் சொல்லி வைப்பார்கள். சொன்னதற்குத் தண்டனை என்றுதான் அந்தப் பெண் அதை எடுத்துக்கொள்வார், பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பெண்களும் அப்படியே. மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொல்லி, வேலையைப் பற்றி வழக்கம்போலப் பேசுங்கள்.