ஆக்சிலரேட்டரை மிதித்தால் பாட்டோடு சேர்ந்து வரும் ‘ஙொய்ங்’ சத்தம்: நிறுத்துவது எப்படி?

ஆக்ஸ் ஒயரில் போனை கார் செட்டோடு இணைத்துப் பாட்டுப் போடுகிறோம். சார்ஜும் ஏறட்டும் என்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று கேட்க ஆரம்பிக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் கீச்சென்று ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. ஸ்பீக்கர் போய்விட்டது, செட்டை மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் காசை இறைக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்நேட்டர். அதற்குள் உண்டாவது ஏசி கரண்ட். டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. ஆனால் முழுக்க மட்டமாகிவிடாது, மேலே ஒரு சின்ன அலை மிச்சமிருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றினால் அந்த அலையும் வேகமாக அடிக்கும். சுருதி ஏறி இறங்குவது அதனால்தான்.

இது பாட்டுக்குள் புகும் வழி எர்த். காரின் பாடிதான் எல்லாவற்றுக்கும் எர்த். ஆனால் செட்டின் எர்த் ஒயர் ஓரிடத்திலும் சாக்கெட்டின் எர்த் வேறோரிடத்திலும் முடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும். போன் சார்ஜரிலும் ஆக்ஸிலும் ஒரே நேரத்தில் இருக்கும்போது இரண்டு எர்த்தும் போன் வழியாக இணைந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் கரண்ட், ஆக்ஸ் ஒயரின் எர்த் கம்பியிலேயே போகிறது. செட் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்குகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். மூடிய கேரேஜில் வேண்டாம், புகை உயிருக்கே ஆபத்து. திறந்த இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுங்கள். பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு (pause), செட்டின் வால்யூமைக் கூட்டி, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் கேளுங்கள். இப்போது சார்ஜரை மட்டும் உருவுங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் கிரவுண்ட் லூப்தான். அடுத்த இரண்டு படிகளே போதும். நிற்கவில்லை என்றால் ஆக்ஸ் ஒயரையும் உருவிவிட்டு ரேடியோ போட்டுப் பாருங்கள். அதிலும் கேட்டால் போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நேராகப் படி 4-க்குப் போங்கள்.

படி 2: காசில்லாத வழிகள்

போனை பவர் பேங்கில் போடுங்கள். அதற்கும் காரின் எர்த்துக்கும் தொடர்பே இல்லாததால் வளையம் உண்டாக வழியில்லை. நீண்ட பயணத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். செட்டிலேயே யூஎஸ்பி இருந்தால் அதில் சார்ஜ் போட்டாலும் சத்தம் பெரும்பாலும் குறையும். செட்டில் ப்ளூடூத் இருந்தால் ஆக்ஸ் ஒயரே வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் குட்டி ப்ளூடூத் ரிசீவரை வாங்கி, அதைக் கார் சார்ஜரில் செருகி, அதிலிருந்து ஆக்ஸ் ஒயர் இழுத்தால் அதே வளையம்தான் திரும்ப வரும். போன் இருந்த இடத்தில் ரிசீவர் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

போனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, செட்டின் வால்யூமைக் குறைத்துப் பழகுங்கள். சத்தத்தின் காரணம் போகாது, ஆனால் பாட்டுக்கு அடியில் அமுங்கிவிடும்.

படி 3: கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்

தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, இருபுறமும் 3.5 மிமீ ஆக்ஸ் இணைப்பு. உள்ளே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர்கள். பாட்டு காந்தப்புலம் வழியாக அந்தப் பக்கம் தாவிவிடும். எர்த் தொடர்பு மட்டும் துண்டிக்கப்பட்டுவிடும். போனுக்கும் செட்டுக்கும் நடுவே செருகினால் போதும், தனியாக பவர் வேண்டாம். ரொம்ப மலிவானதில் டிரான்ஸ்பார்மர் மிகச் சிறிதாக இருக்கும், பேஸ் மெலிந்துவிடும். தவில், பறை வரும் பாட்டைப் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

படி 4: செட்டின் எர்த்

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சில செட்டுகள் அதன்பின் கோட் கேட்கும், முன்பே தேடி வையுங்கள். செட்டை வெளியே இழுத்தால் கறுப்பு ஒயர்தான் பெரும்பாலும் எர்த். வெளியில் மாற்றிய செட்டில் அது வெறுமனே முறுக்கி, டேப் சுற்றி விடப்பட்டிருக்கும். அதைக் காரின் இரும்புச் சட்டத்துக்குக் கொண்டுபோய், போல்ட் வரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ரிங் டெர்மினல் (ஒயர் நுனியில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்குங்கள். பெயின்ட் மேல் முடுக்கினால் எர்த் கிடைக்காது. தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் பவர் கேபிளைக் காரின் ஒரு பக்கமும் செட்டிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரை மறுபக்கமும் ஓட்டுங்கள்.

படி 5: இன்னும் சத்தமா?

என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டரில் டயோடு பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. 28 வோல்ட் மாதிரி காட்டினால் பயப்படாதீர்கள், சில மலிவு மீட்டர்கள் டிசியையே ஏசி என்று தவறாகப் படிக்கும். வேறு மீட்டரில் பாருங்கள். டயோடு சந்தேகம் உறுதியானால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஆல்டர்நேட்டரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.